250 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்குப் புகைவடிகட்டி: டர்போ பக்கத்திலா, மொட்டைமாடியிலா? எத்தனை லிட்டர்?

மாங்கூழ்க்காரன் (காவேரிப்பட்டணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் அருகே மாங்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் 2016-இல் வாங்கிய 250 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஆறு சிலிண்டர், 8.3 லிட்டர், டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பகுதி) உள்ளது; 1500 சுற்றில் ஓடுகிறது. சென்ற பருவத்தில் எங்களிடம் கூழ் வாங்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர் வந்திருந்தபோது மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடியது. அந்த நேரம் பார்த்து மொட்டைமாடிக் குழாயிலிருந்து கிளம்பிய கரும்புகை, பழம் இறக்கும் முற்றத்தில் படிந்ததை அவர் படமெடுத்து அறிக்கையிலும் சேர்த்துவிட்டார். அடுத்த பருவத்திற்குள் வடிகட்டி பொருத்தியாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இரண்டு விற்பனையாளர்கள் வந்து பார்த்தார்கள். முதலாமவர், டர்போவுக்கு அடுத்தபடியாக, ஜெனரேட்டர் அறைக்குள்ளேயே 12 லிட்டர் வடிகட்டி போதும் என்கிறார். இரண்டாமவர், அறை நெருக்கடியாக இருப்பதால் மொட்டைமாடியில் குழாயின் கடைசியில் 25 லிட்டர் வடிகட்டியை வைத்துவிடலாம், பெரியது என்பதால் அடைப்பே வராது என்கிறார். அறையிலிருந்து மாடிக் குழாயின் முனை வரை ஏறத்தாழ 15 மீட்டர், 5 அங்குலக் குழாய். வழியில் நான்கு வளைவுகளும் ஒரு சைலன்சரும் இருக்கின்றன. குழாய்க்கு எந்த உறையும் இல்லை. அறையை ஒட்டிய சுவருக்கு அப்பால்தான் அட்டைப்பெட்டிக் கிடங்கு இருக்கிறது.

மின்சாரம் இல்லாத நேரத்தில் மீட்டரில் தெரியும் சுமை பெரும்பாலும் 60 முதல் 70 கிலோவாட். குளிர்சாதனக் கம்ப்ரசர் இரண்டும் சேர்ந்து ஓடினால் 120 வரை போகும். இருவரில் யார் சொல்வது சரி, எந்த அளவு சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெப்பக்கணக்கு (ஓசூர்) எழுதியது:

நான் வாகன எஞ்சின்களின் புகைச் சுத்திகரிப்பில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன்; ஜெனரேட்டரை நேரடியாகக் கையாண்டது குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கள் இரண்டு கேள்விகளாகக் கேட்டிருப்பது உண்மையில் ஒரே கேள்வி. இடத்தைத் தள்ளிவைத்துவிட்டு அளவை மட்டும் பேசினால் விடை தவறாகத்தான் வரும்.

முதலில் அளவு. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் 1500 சுற்றில் நிமிடத்திற்கு 750 முறை சிலிண்டர்கள் நிரம்புகின்றன, 8.3 லிட்டருக்கு அது நிமிடத்திற்கு 6.2 கன மீட்டர். முழுச் சுமையில் டர்போ அந்தக் காற்றை ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், எரிபொருளையும் சேர்த்து மணிக்கு 1100 கிலோ அளவுக்குப் புகைவளி வெளியேறும். சுழியப் பாகை வெப்பத்திற்குச் சரிசெய்தால் அது மணிக்கு 850 கன மீட்டர். இதை வடிகட்டியின் கொள்ளளவால் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் வடிகட்டியின் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு வளி அதன் வழியே போகிறது என்று தெரியும். 12 லிட்டருக்கு 70,000 மடங்கு வருகிறது, இரண்டுக்கும் இடைப்பட்ட 17 லிட்டருக்கு 50,000, 25 லிட்டருக்கு 34,000; எண் குறையக் குறைய வடிகட்டிக்கு நெருக்கடி குறைவு. கனரக எஞ்சின்களில் வடிகட்டியை எஞ்சின் கொள்ளளவைப் போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை வைப்பது வழக்கம். அதன்படி தங்களுக்கு 12 முதல் 20 லிட்டர். ஆகவே முதலாமவர் சொன்ன அளவு கீழ்வரம்பில் நிற்கிறது, இரண்டாமவர் சொன்னது வரம்பைத் தாண்டி இருக்கிறது. இரண்டையும் முழுத் தவறு என்று தள்ள முடியாது.

ஆனால் "பெரியது என்பதால் அடைப்பே வராது" என்ற வாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2014 முதல் நடைமுறைக்கு வந்த, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இரண்டாம் கட்ட விதிப்படி, தங்கள் ரக எஞ்சினுக்குக் கரித்துகள் வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 0.2 கிராம். அந்த வரம்பு பல சுமைகளின் சராசரி. குறைந்த சுமையில் உண்மையான அளவு மாறும் என்றாலும் கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். 65 கிலோவாட்டுக்கு மணிக்கு 13 கிராம் கரி. சாதாரணப் பீங்கான் வடிகட்டியில் லிட்டருக்கு நான்கு கிராம் அளவுக்கு மேல் கரி சேரவிடுவது நல்லதல்ல. 12 லிட்டர் வடிகட்டி 48 கிராம் தாங்கும். நான்கு மணி நேரத்திற்குள் நிறைந்துவிடும். 25 லிட்டர் வடிகட்டி 100 கிராம் தாங்கும். எட்டு மணி நேரத்திற்குச் சற்று முன்பே நிறைந்துவிடும். இரண்டு மடங்குக்கு மேல் பணம் கொடுத்துத் தாங்கள் வாங்குவது கூடுதலாக நான்கு மணி நேரம், அவ்வளவுதான். சேரும் கரி அங்கேயே எரிந்துகொண்டிருந்தால் ஒழிய எந்த அளவும் நிற்காது.

கரி எரிவதற்கு வேண்டியது வெப்பம். ஆக்சிசனால் மட்டும் எரிய வேண்டுமென்றால் 550 முதல் 600 பாகை செல்சியசு தேவை. டீசல் ஜெனரேட்டரில் அது அன்றாடம் கிடைக்காது. அதனால்தான் வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய ஆக்சிசனேற்ற வினையூக்கியை வைக்கிறார்கள். அது புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரசன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த டை ஆக்சைடு 250 பாகைக்கு மேல் கரியை மெல்ல மெல்ல எரிக்கத் தொடங்கி, 300 முதல் 400 பாகைக்குள் நன்றாக வேலை செய்கிறது. 200 பாகையில் வினையூக்கி அரைத்தூக்கத்தில் இருக்கும், கரி சேர்ந்துகொண்டே போகும்.

இனி இடம். தங்கள் சுமையில், அதாவது முழுத் திறனில் (250 கே.வி.ஏ. என்பது ஏறத்தாழ 200 கிலோவாட்) மூன்றில் ஒரு பங்கில், டர்போ வாயில் 300 பாகை இருக்கலாம். உறையில்லாத 5 அங்குலக் குழாயில் அந்தக் குறைந்த ஓட்டம் 15 மீட்டர் பயணம் செய்தால், என் கணக்குப்படி 100 பாகைக்கு மேல் இழந்து, முனையில் 180-190 பாகையில் நிற்கும். அதே குழாய்க்கு 50 மில்லிமீட்டர் தடிமனில் கனிமக் கம்பளி சுற்றித் தகடு போர்த்தினால் இழப்பு 15-20 பாகைதான். ஆகவே மொட்டைமாடியில், உறையில்லாத குழாயின் முனையில் வைக்கப்படும் 25 லிட்டர் வடிகட்டி, தங்கள் சுமைக்கு, கரி சேமிக்கும் பெட்டி மட்டுமே.

எதையும் வாங்குவதற்கு முன் டர்போவுக்கு அடுத்து ஓர் இடத்திலும் குழாய் முனையில் ஓர் இடத்திலும் வெப்பமானி செருகி, ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் போதும். அந்த எண்கள் வந்த பிறகு பேசுவோம்.

பழைய மெக்கானிக் (தருமபுரி) எழுதியது:

ஓசூர் ஐயாவின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அறைக்குள்ளேயே டர்போ பக்கத்தில் வைக்கச் சொல்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலக்கோடு பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் அப்படிப் பொருத்திய வடிகட்டியை ஒரே கோடையில் கழற்றி வைத்தவன் நான். உறையைப் பெயருக்குச் சுற்றியிருந்தார்கள். சித்திரை வெயிலில் அறையின் காற்று 55 பாகையைத் தொட்டது. ரேடியேட்டர் அந்தக் காற்றையே உறிஞ்சியதால் எஞ்சின் சூடேறித் தானாக நின்றது. தங்கள் அறைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிக் கிடங்கு வேறு இருக்கிறது.

அங்கே கண்ட இன்னொரு தவறு: வடிகட்டியின் எடை முழுவதும் டர்போவின் வாயில் தொங்கியது. பெல்லோஸ் (வளைந்து, நீண்டு சுருங்கும் இணைப்புக் குழாய்) இருந்தது, ஆனால் அது குழாயை நேராக்கிச் சேர்ப்பதற்காக இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. இழுத்துப் பூட்டிய பெல்லோஸ் வளையாது. 10 மீட்டர் இரும்புக் குழாய் 450 பாகை சூடேறினால் 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீளம் போவதற்கு வழி விடவில்லையென்றால் டர்போவின் உறை விரிசல் விடும், விட்டது. எனவே வடிகட்டிக்குத் தனித் தாங்கு சட்டம், ஒரு பக்கம் நிலையாகவும் மறுபக்கம் நழுவும்படியும் இருக்க வேண்டும். பெல்லோஸைத் தளர்வாக, இயல்பான நீளத்தில் பூட்ட வேண்டும்.

என் யோசனை இது. டர்போவிலிருந்து இரண்டரை, மூன்று மீட்டருக்குள் சுவரைத் துளைத்துக் குழாயை வெளியே எடுங்கள். கிடங்குச் சுவர் அல்ல, எதிர்ச் சுவர். வெளியே ஒரு தகரக் கூரையின் கீழே, ஆள் நின்று வேலை செய்யும் உயரத்தில் வடிகட்டியைக் கிடையாக வைத்து, அதற்குப் பிறகு மாடிக்குக் குழாய் ஏறட்டும். டர்போ முதல் வடிகட்டியின் கடைசி வரை உறை கட்டாயம். அதற்குப் பின்னால் ஆள் கை படும் உயரம் வரை போதும். வடிகட்டியைச் சாம்பல் எடுப்பதற்காகக் கழற்ற வேண்டியிருக்கும். அதன் நீளத்தளவு காலியிடம் ஒரு பக்கம் விட்டால்தான் வளையப் பூட்டைத் தளர்த்தி வெளியே இழுக்க முடியும். அதை மறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிப் பொருத்திவிட்டு, பிறகு சுவரை இடித்தவர்கள் உண்டு.

மாடிக் குழாயை எப்படியும் எடுக்க முடியாது. கட்டடத்தின் உயரத்தோடு, கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்டிய உயரம் வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. 250-க்கு அது கட்டடத்திற்கு மேல் 3.2 மீட்டர். அதன் முனையில் மழைமூடி கண்டிப்பாக இருக்கட்டும். நிற்கும் குழாயின் அடியில், வடிகட்டிக்குப் பிறகு, நீர் வடியும் திருகு ஒன்றும் இருக்கட்டும். சூடான பீங்கானில் மழைநீர் பட்டால் அது பானை வெடிப்பதைப் போல வெடிக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் உணரிக்குப் போகும் இரண்டு சிறு குழாய்களும் உணரியை நோக்கி மேலேறியபடி இருக்க வேண்டும்; அப்போதுதான் உள்ளே சேரும் நீர் திரும்பிக் குழாய்க்கே வடியும். பருவம் முடிந்து ஒன்பது மாதம் சும்மா இருந்த ஒரு ஜெனரேட்டரில் பின்பக்கச் சிறு குழாய் கழன்றிருந்தது. அதற்குள் குளவி மண்கூடு கட்டிவிட்டது. உணரி அழுத்தம் மிக அதிகம் என்று காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் வடிகட்டியைக் குறைசொல்லிக் கழுவிவிட்டு, மூன்றாம் நாள்தான் அந்த மண்ணைக் கண்டோம்.

தொப்பூர் லாரி (தருமபுரி) எழுதியது:

ஜெனரேட்டர் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வெப்பம் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய ஆறாம் கட்ட (பி.எஸ்.-6) லாரிகள் இரண்டு வைத்திருக்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர்க் கணவாயில் இறங்கும் நேரம் முழுவதும் எஞ்சின் டீசல் எரிக்காமல் வெறும் காற்றைத் தள்ளுகிறது; புகைப்பெட்டி ஆறிப்போகிறது. திரும்பி ஏறும்போது முழுச் சுமையில் எல்லாம் சூடேறித் தானாகவே சுத்தமாகிவிடுகிறது. அதே லாரி ஓசூர்-பெங்களூரு நெரிசலில் ஒரு வாரம் நின்று நின்று ஓடினால், நைட்ரசன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் இடத்தில் வெள்ளை உப்பு உறைந்துவிடுகிறது, கரியை எரிக்கச் சொல்லும் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. ஒரே பெட்டி, ஒரே அளவு. வண்டி போகும் பாதைதான் வேறு. ஒரு சந்தேகம்: அண்ணனின் ஜெனரேட்டருக்கு யூரியா தெளிக்கும் அமைப்பு வேண்டாமா?

வெப்பக்கணக்கு (ஓசூர்) எழுதியது:

தொப்பூர் நண்பர் சொன்ன எடுத்துக்காட்டு மிகப் பொருத்தம். யூரியா பற்றி: 2023 சூலை முதல் நடைமுறைக்கு வந்த நான்காம் கட்ட மேம்பட்ட விதியில் 56 முதல் 560 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர் எஞ்சின்களுக்கு நைட்ரசன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 0.40 கிராம், அதற்கு யூரியா தெளிக்கும் முறை நடைமுறையில் தவிர்க்க முடியாதது. கேட்டவரின் எஞ்சின் பழையது; அவருடைய சிக்கல் கரும்புகை. பழைய எஞ்சின்களில் பின்னால் சேர்க்கும் கருவிகளுக்கு மத்திய வாரியம் வைத்திருக்கும் அளவுகோலும் துகளைக் குறைந்தது 70 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்பதே. ஆகவே யூரியா இங்கே தேவையில்லை. புதிய ஜெனரேட்டர் வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் தெளிப்பானுக்கும் வினையூக்கிக்கும் இடையிலுள்ள தூரமும் கலப்பியின் (யூரியாவைப் புகையோடு கலக்கும் பகுதி) வடிவமும் சோதனைச் சான்றிதழோடு கட்டுண்டவை, இடமில்லை என்று வெல்டரை அழைத்துக் குழாயை வெட்டி வளைத்தால், யூரியா ஆவியாகுமுன் வளைவில் மோதிக் கல்லாக உறைந்துவிடும்.

தருமபுரி ஐயா சொன்ன இடத்தை நானும் ஏற்கிறேன். மூன்று மீட்டரும் நல்ல உறையும் என்றால் இழப்பு ஐந்து பாகைக்குள்தான். அறைக்குள் வைப்பதால் வெப்பத்தில் கிடைக்கும் கூடுதல் நன்மை ஒன்றுமில்லை.

மாங்கூழ்க்காரன் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பத்து நாள் பதிவு செய்தேன். பருவம் இல்லாததால் குளிர்கிடங்கும் கழுவும் மோட்டார்களும் மட்டும்தான் ஓடின. 65 கிலோவாட்டில் டர்போவுக்கு அடுத்து 290 முதல் 305 பாகை. கம்ப்ரசர் இரண்டும் சேர்ந்தபோது 385. மாடிக் குழாய் முனையில் அதே நேரங்களில் 178, 262. ஆனால் கம்ப்ரசர்கள் நின்று 30 கிலோவாட்டுக்கு இறங்கிய சில மணி நேரங்களில் டர்போ பக்கத்திலேயே 215 பாகைதான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் கவலையாக இருக்கிறது. 17 லிட்டர் வாங்கினாலும் அந்த மணி நேரங்களை என்ன செய்வது?

வெப்பக்கணக்கு (ஓசூர்) எழுதியது:

தங்கள் ஜெனரேட்டர் தேவைக்கு மேல் பெரியது; வேர் அங்கேதான் இருக்கிறது. கம்ப்ரசர் மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்று பயந்து 250 வாங்கியிருப்பார்கள். அதை இப்போது மாற்ற முடியாது. ஆனால் சுமையை மாற்ற முடியும். இரண்டு கம்ப்ரசர்களும் மாறி மாறி ஓடும்படி அமைத்திருப்பதை, ஜெனரேட்டரில் மட்டும், இரண்டும் சேர்ந்து ஓடி இரண்டும் சேர்ந்து நிற்கும்படி அமைத்துப் பாருங்கள். குளிர்கிடங்கு ஓர் இரண்டு பாகை கூடக் குறைய தாங்கும். மணிக்கு 20 நிமிடம் 385 பாகை கிடைத்தால், மீதி 40 நிமிடத்தில் சேர்ந்த கரியில் பெரும்பகுதி எரிந்துவிட வாய்ப்பு உண்டு. அதற்கும் போதாத நாளுக்கு, ஓரிரு வெந்நீர்த் தொட்டிகளின் மின்சூடேற்றிகளைச் சுமையாகச் சேர்க்கலாம். பழம் கழுவ வெந்நீர் எப்படியும் வேண்டும்தானே.

அளவு 17 லிட்டர், முன்னால் 7-8 லிட்டர் வினையூக்கி. பின்னழுத்தம் (புகை வெளியேறும் வழியிலுள்ள தடையால் எஞ்சின் மீது விழும் அழுத்தம்) எஞ்சின் கையேட்டில் குறித்த வரம்புக்குள் நிற்க வேண்டும். இந்த ரக எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 10 கிலோபாஸ்கல் என்று இருக்கும், தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் இப்போதுள்ள 5 அங்குலக் குழாயும் நான்கு வளைவுகளும் மட்டுமே அதில் மூன்றைத் தின்றுவிடும். வடிகட்டிக்குப் பிந்தைய குழாயை 6 அங்குலமாக்கினால் உராய்வு இழப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். மிச்சமாகும் அழுத்தம் வடிகட்டிக்குப் போகும். குழாய்க்குச் செலவழிக்கும் பணம் 25 லிட்டர் வடிகட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிடக் குறைவு.

ஒரே ஓர் எச்சரிக்கை. கரி நிறைய சேர்ந்து, கம்ப்ரசர்கள் சேர்ந்து ஓடி, எரியத் தொடங்கிய அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பி வந்தால், தானியங்கி மாற்றி சுமையை ஜெனரேட்டரிலிருந்து சட்டென்று எடுத்து மின்வாரிய இணைப்புக்கு மாற்றிவிடும். சுமை போனதும் புகையில் ஆக்சிசன் கூடும், வெப்பத்தை அள்ளிச் செல்லும் ஓட்டம் குறையும். வடிகட்டியின் உள்ளே வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிப் பீங்கான் உருகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை இருந்தது. எனவே அழுத்த வேறுபாடு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால், மின்சாரம் வந்தாலும் பத்து நிமிடம் சுமையை ஜெனரேட்டரிலேயே வைத்திருக்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியில் அமைக்கச் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக் (தருமபுரி) எழுதியது:

எஞ்சின் எண்ணெயையும் மாற்றுங்கள், தம்பி. கரி எரியும், எண்ணெயின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். சி.கே.-4 என்று டப்பாவில் போட்டிருக்கும் சாம்பல் குறைந்த எண்ணெய் வாங்குங்கள். கிடங்கில் பழைய பீப்பாயில் டீசல் கிடந்தால் அதை ஜெனரேட்டரில் ஊற்ற வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு உள்ள டீசல், பழையது அப்படி இல்லை, வினையூக்கி கெட்டுவிடும்.

மாங்கூழ்க்காரன் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

எதிர்ச் சுவரைத் துளைக்கக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. முதலாம் விற்பனையாளர் 17 லிட்டர் தர ஒப்புக்கொண்டார். மாடி யோசனை சொன்னவரிடம் 178 பாகைப் பதிவைக் காட்டியபோது, மாடியிலும் உறை சுற்றித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். கம்ப்ரசர் இணைப்பை மாற்றி இரண்டு நாள் ஓட்டியதில் டர்போ பக்கம் மணிக்கு 25 நிமிடம் 370-க்கு மேல் நிற்கிறது. பத்து நிமிடத் தாமதம் தற்போதுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் அமைக்க முடியுமா என்று நாளை எலக்ட்ரீசியன் வந்து பார்க்கிறார். அவர் சொன்ன பிறகு எழுதுகிறேன்.